பிடரியில் ஒரு விரல்

முதலில் உங்கள் பிடரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கழுத்தின் பின்பக்கம், முடி முடிந்து தோல் தொடங்கும் இடம். உங்கள் உடம்பில் நீங்களே பார்க்க முடியாத இடம். தொப்பி, முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை, உச்சி முதல் பாதம் வரை மூடும் வெள்ளை அங்கி என்று எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகும், குனிந்தால் துணி இழுபட்டு அந்த இடம் மெல்ல மூச்சு விடும். வேர்வை அங்கேதான் முதல் கோடு போடும்.

கண் சொட்டு மருந்து நிரப்பும் பிரிவுக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள், உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள் என்னை. எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. பேசும்போது ஜன்னலைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன், கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். எழுத்தில் கொஞ்சம் அடங்குவேன். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, காற்றை எப்படி வடிகட்டுவது என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போகவில்லை. அணி மேலாளராக இருந்த வருடங்களில் நடந்த ஒரு காரியம், அதில் நான் எடுத்த ஒரு முடிவு, அதன் பிறகு வந்த நாட்கள். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. படித்து முடித்ததும் மனம் தெம்பாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

போர்ட் பிளேர் பக்கம், கராச்சர்மாவைத் தாண்டி, பாக்குத் தோப்பு முடிகிற சரிவில் எங்கள் ஆலை இருந்தது. சின்ன ஆலை. கப்பல் வராத வாரங்களில் தீவுக்கு வேண்டிய மருந்து தீவிலேயே கிடைக்கட்டும் என்று மெயின்லேண்டில் இருந்த ஒரு முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் இது துணி காயாத ஊர். அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். கதவுக் கீலை உப்புக்காற்று தின்னும். ஒரு கிருமிகூட இல்லாத அறையை இந்த ஊரில் கட்டி வைத்துக்கொண்டு, மழையைப் பார்த்தும் கடலைப் பார்த்தும் காட்டைப் பார்த்தும் "நீ வராதே, நீ வராதே" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் எங்கள் பிழைப்பு. அவை சொன்னால் ஓரளவு கேட்கும். கேட்காதது மனிதன்தான். மனிதன் நடந்தால் தோல் உதிர்கிறது, பேசினால் எச்சில் தெறிக்கிறது. கவலைப்பட்டால் வேர்க்கிறது. அவனை அறைக்கு வெளியே நிறுத்தவும் முடியாது, வேலையே அவன் கையில்தான் இருக்கிறது.

அதனால் என் அணியில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தன் தவறைத் தானே வந்து சொல்பவருக்கு டீ.

அதைத் தொடங்கி வைத்தவர் எங்கள் தரப்பிரிவுத் தலைவர். குடியேறிய வங்காளிக் குடும்பம், தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம்; அவர் என்னைத் தீதி, அக்கா, என்பார். ஒருநாள் ஜான்சன், ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்களின் பேரன், நிரப்பும் வேலையின் நடுவே இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். கையுறையின் விரல் நுனியில் நகக்கீறல் அளவுக்குக் கிழிசல். எப்போது கிழிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அதுவரை நிரப்பிய புட்டிகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. வெளியே வந்தவன் முகத்தில் ரத்தம் இல்லை. தாதா அவன் தோளில் கை போட்டார்.

"சல், டீ பீத்தே ஹைங்" என்றார். வா, டீ குடிக்கலாம்.

வாசலில் இருந்த கடைக்கு நானும் பின்னாலேயே போனேன். சமோசாவும் வந்தது. ஜான்சன் அதைத் தொடவில்லை. தாதா என்னிடம் தன் உடைந்த தமிழில் சொன்னார்: "தீதி, அந்தக் கிழிசல் எந்த மிஷின்லயும் தெரியாது. இவன் சொன்னான், தெரிஞ்சுது. நாளைக்கும் இவன் சொல்லணும்ல?"

அன்றிலிருந்து அது எங்கள் சட்டமாகிவிட்டது. யார் வந்து என்ன சொன்னாலும் முதலில் டீ. விசாரணை, விளக்கம், திட்டு எல்லாம் டம்ளரைக் கீழே வைத்த பிறகு. எங்கள் கூட்டம் வருவதைப் பார்த்தாலே டீக்கடைக்காரர், "இன்னைக்கு யாருப்பா குத்தவாளி?" என்பார். சொறிந்து புண்ணான மணல்பூச்சிக் கடியைச் சொல்லி டீ குடித்தவர்கள் உண்டு. மூக்கு ஒழுகுவதைச் சொல்லிக் குடித்தவர்கள் உண்டு. மற்ற பிரிவுக்காரர்கள் எங்களைப் பார்த்து, வேலையில் தப்புப் பண்ணினால் விருந்து வைக்கிற கூட்டம் என்று கேலி செய்தார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கனகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண். அவள் தாத்தா பாட்டி இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். அவளுக்கு ரப்பர் பால் வாளியும் தெரியும், எங்கள் வெள்ளை அறையும் தெரியும். அறைக்குள் அவள் நகர்வதைப் பார்த்தால் தண்ணீருக்குள் ஒருவர் நடப்பதுபோல இருக்கும். அவசரமே இருக்காது. காற்று கலையாமல் நடக்கத் தெரிந்தவள். வெளியே வந்தால் நேர்மாறு. வாய் ஓயாது. ஜான்சனை "ஏய் ராஞ்சி ராஜா" என்பாள். என்னை அக்கா என்பாள். மற்றவர்களும் அவளைப் பார்த்து என்னை அக்கா என்றார்கள். ஜான்சன் மட்டும் "அக்கா ஜி".

அந்த வருடம் எங்கள் மீடியா ஃபில் தோற்றது. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: மருந்துக்குப் பதிலாக, கிருமிகள் விரும்பிச் சாப்பிடும் சத்துச் சாற்றைப் புட்டிகளில் நிரப்பி, இரண்டு வாரம் வெதுவெதுப்பில் வைத்திருப்போம். ஒரு கிருமி உள்ளே விழுந்திருந்தாலும் அது தின்று பெருகும், சாறு கலங்கும். புட்டிகள் எல்லாம் தெளிவாக இருந்தால்தான் அந்த அறையில், அந்த ஆட்களை வைத்து, மருந்து நிரப்பலாம். எங்களுக்கு ஒருமுறை கலங்கியது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் திரும்பச் செய்தோம். மறுபடி கலங்கியது. கூரைத் தகட்டின் இணைப்பில் மழை கசிந்து, அதன் பின்னால் பூஞ்சை படர்ந்திருந்ததைப் பிறகு கண்டுபிடித்து அடைத்தோம். மூன்றாவது தடவைக்குத் தயாரானோம்.

அதுவும் தோற்றால் இந்தப் பிரிவை மூடிவிட்டு இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஜான்சன், கனகா, மற்ற நிரப்புநர்கள் எல்லோரும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். பிரிவு போனால் அவர்களும் போக வேண்டியதுதான்.

அதே சமயம் தீவு முழுக்கக் கண்நோய். வீட்டுக்கு வீடு சிவந்த கண்கள். வங்காள விரிகுடாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல் சின்னம். சரக்குக் கப்பல் மெயின்லேண்டில் கட்டிக் கிடந்தது. மாயாபந்தர் ஜெட்டி அருகே மருந்துக்கடை வைத்திருந்த செல்லையா அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்வார்.

"என்னம்மா, சொட்டு மருந்து எப்ப வரும்?"

"சோதனை முடியணும்ணே."

"இங்க ஜனங்க கண்ணுல தேங்காய்ப்பால் விடுதுங்கம்மா. தாய்ப்பால் விடுதுங்க. நான் வேணாம் வேணாம்னு கத்துறேன். வேணாம்னா வேற என்ன குடுக்கிறீங்கன்னு கேக்குறாங்க. காலி அலமாரியக் காட்டுறேன்."

மூன்றாவது ஓட்டத்தின் காலை. உடை மாற்றும் முதல் அறையில் நாங்கள் நின்றோம். அங்கே ஒருவர் தொப்பியை மற்றவர் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். உங்கள் பிடரியை நீங்கள் பார்க்க முடியாதே, அதனால். கனகா என் பின்னால் வந்தாள். வெளியே இருந்த முடியை உள்ளே தள்ளினாள். அவள் விரல் என் பிடரியில் ஒரு நொடி நின்றது. குளிர்ந்த விரல். பிறகு முடிச்சைப் போட்டாள். அன்றைக்கு எல்லோருமே அமைதியாக இருந்தார்கள். பயம் என்று நினைத்தேன். இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாக இருப்பது அழகாகக்கூட இருந்தது எனக்கு.

ஓட்டம் முடிந்தது. இரண்டு வாரம் காத்திருந்தோம். தினமும் சோதனைக்கூடத்துக்குப் போய்க் கண்ணாடி வழியாக அந்தப் புட்டிகளைப் பார்ப்பேன். வெளிர் பொன்னிறம். டீத்தூள் போடாத சுடுதண்ணீரில் வெயில் விழுந்ததுபோல. நிறம் மாறவே இல்லை. கடைசி நாள் தாதா ஒவ்வொரு புட்டியாக விளக்கின் முன்னே பிடித்துப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை. "பாஸ் ஹோ கயா", தேறிவிட்டது, என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஜான்சன் தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ யாரையோ கட்டிப் பிடித்தார்கள். நான் செல்லையா அண்ணனுக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாள், அனுப்பிவிடுகிறோம் என்றேன். மறுமுனையில் அவர் கடையில் நின்றவர்களிடம் "வருதாம், வருதாம்" என்று சொல்வது கேட்டது.

அப்போதுதான் கனகா வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"டீக்கு அடி போடுறியா?"

"தப்பா இருந்தாத்தானே டீ. இது நல்ல சங்கதி. நாந்தான் உங்களுக்கு வாங்கித் தரணும்."

"சொல்லு."

"ரெண்டாவது தடவ கலங்கினப்பவே எங்கம்மாகிட்ட போன்ல அழுதேன். அம்மா தோட்டத்துக் கோயில்ல மாரியாத்தாவுக்கு நேந்துகிட்டு, திருநீறு மடிச்சுக் கப்பல்ல வந்தவங்ககிட்ட குடுத்து விட்டிச்சு. நெத்தியில வச்சா நீங்க விட மாட்டீங்க. அதான் எல்லாரும் கழுத்துக்குப் பின்னால வச்சுக்கிட்டோம். தொப்பிக்குள்ள. ராஞ்சி ராஜாகூட வச்சுக்கிட்டான், கேளுங்க. ஏசு ஒண்ணும் சொல்ல மாட்டாராம்."

ஜான்சன் தரையில் இருந்தபடியே பல்லைக் காட்டினான்.

"உங்களுக்கும் வச்சேன்க்கா. நீங்கதானே முன்னால நிக்கிறவங்க. உங்கள விட்டுட்டு எப்படி."

என் கை தானாகப் பிடரிக்குப் போனது. இரண்டு வாரம் குளித்துத் தேய்த்த கழுத்து. அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குளிர்ந்த விரல் அங்கேயே இருந்தது.

அந்தத் திருநீற்றை நீங்கள் அலட்சியமாக நினைக்கக் கூடாது. சுனாமியில் கடல் உள்ளே வந்த அன்றைக்கு அந்தக் கோயில் மேட்டில் ஏறி நின்றவர்கள்தான் பிழைத்தார்கள். கனகாவின் அம்மா இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று அங்கே நின்றவள். இடுப்பில் இருந்தது கனகா. உலகத்தில் தன்னிடம் இருப்பதிலேயே பலமானதை அவள் மகளுக்கு மடித்து அனுப்பியிருக்கிறாள். மகள் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எங்கள் எல்லோர் கழுத்திலும் பூசியிருக்கிறாள்.

இனி, தொழில் தெரிந்த கண்ணால் பாருங்கள். நெருப்பில் வெந்த சாம்பல்தான். ஆனால் வெந்த பிறகு அது கடந்துவந்த வழி: கோயில் தட்டு, பல பேர் விரல், மழையில் நமுத்த காகிதம், கப்பலின் கீழ்த்தளம், ஒரு கைப்பை. ஓடு கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் உறங்கக்கூடிய கிருமிகளுக்கு அதைவிடச் சுகமான மெத்தை கிடையாது. மாவுபோன்ற பொடி. குனிந்தால் உதிரும். திறந்த புட்டிகளுக்கு மேலே நாங்கள் குனிந்தபடிதான் நிற்போம்.

அன்றைக்கு விழவில்லை. அவ்வளவுதான் அந்தத் தெளிந்த புட்டிகள் சொன்னது.

கனகா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல வடிந்ததை நான் பார்த்தேன். "என்னக்கா?" என்றாள். நான் எழுந்து வெளியே நடந்தேன். டீக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். மழை பிடித்துக்கொண்டது. கராச்சர்மா பேருந்து ஒன்று வந்து எனக்காக நின்று, நான் ஏறவில்லை என்றதும் நடத்துநர் ஏதோ முணுமுணுக்க, கிளம்பிப் போய்விட்டது.

நான் எதை நினைத்து நடந்தேன் என்பதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். விதியை மீறிவிட்டார்களே என்று நினைக்கவில்லை. சாறு கலங்கியிருந்தால் கனகா அழுதிருப்பாள், அம்மனோடு சண்டை போட்டிருப்பாள், அத்தோடு அந்தப் பொட்டலம் முடிந்திருக்கும். தெளிந்துவிட்டது. கூரையை அடைத்தது அவர்களுக்கு மறந்துபோகும். திருநீறுதான் நினைவில் நிற்கும். இனி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பூசுவார்கள். பூசாமல் உள்ளே போகவே பயப்படுவார்கள். புதிதாக வருபவர்களுக்கும் பூசிவிடுவார்கள், அன்போடு. என்றைக்கோ ஒருநாள் விழும். அது சாற்றில் விழாது. மருந்தில் விழும். ஏற்கெனவே புண்பட்ட ஒரு கண்ணுக்குள் போகும்.

நான் கண்டித்து நிறுத்திவிட முடியாதா என்று கேட்பீர்கள். எனக்கே பூசிவிட்டு, இரண்டு வாரம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்து தாதாவின் அறைக்குப் போனேன். நனைந்த உடையோடு நின்றே சொன்னேன்.

"கோன் லாயா? யார் கொண்டு வந்தது?"

"அணி முழுக்கப் பூசியிருந்தது. நானும்தான்."

"உன் கழுத்துலயுமா?"

"என் கழுத்திலயும்."

கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவர் ரொம்ப வயதானவராகத் தெரிவார். "இதைச் சொன்னதுக்கு உனக்கு டீ வாங்கணும் தீதி" என்றார். "இன்னைக்கு என்னால முடியல."

ஆலைப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர், எதையும் கணக்காகப் பேசுபவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"மேடம், யோசிச்சுப் பாருங்க. சோதனையே மோசமான நிலைமையில தேறுதான்னு பாக்கத்தான். சாம்பலோட தேறிச்சுன்னா நம்ம அறை இன்னும் பலமா இருக்குன்னு அர்த்தம். இதுல என்ன பிரச்சினை?"

"நம்ம வேணும்னு வச்ச சோதனையா இருந்தா அப்படிச் சொல்லலாம் சார். எவ்வளவு, எங்க, எப்பன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கும். இது ஒரு பொண்ணு கைப்பையில வந்தது."

"யாருக்குத் தெரியும்? நீங்களா சொன்னாத்தானே."

"அவ எங்கிட்டச் சொல்லிட்டாளே."

"தெருவுல அத்தனை பேரு கண்ணு வீங்கிக் கிடக்கு. மருந்து வேணும்னு நீங்கதானே தினம் வந்து நிப்பீங்க?"

அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். தாதா சோதனை முடிவுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். தேறியது என்று எழுதியிருந்ததன் கீழே, செல்லாது என்று நான் எழுதினேன். காரணம் எழுதினேன். பெயர் எழுதவில்லை. அவர் வாங்கித் தானும் கையெழுத்துப் போட்டார். பொறுப்பாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலாளிக்குப் போன் செய்ய எழுந்து போனார்.

நான் பெயர் சொல்லாதது ஒரு பயனும் தரவில்லை. அன்று மாலையே கனகா தானாகப் போய்ச் சொல்லிவிட்டாள், மற்றவர்களைத் தான்தான் வற்புறுத்தியதாக. ஜான்சன் போய், இல்லை, நானே கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டேன் என்றான். எல்லோர் ஒப்பந்தமும் முடிக்கப்பட்டது. தாதாவுக்கும் எனக்கும் நிரந்தர வேலை. எங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

பிரிவை மூடினார்கள். இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றுவது என்றவர்கள், ஏற்றுகிற செலவைப் பார்த்துவிட்டு, மெயின்லேண்டிலிருந்து ஆள் கொண்டுவந்து மறுபடி தொடங்கலாம் என்று மனம் மாறினார்கள். அதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

இடையில் செல்லையா அண்ணன் ஒருமுறை கூப்பிட்டார். இந்தத் தடவை எப்போது வரும் என்று கேட்கவில்லை.

"நெல்லு அடிக்கயில உமி தெறிச்சு ஒருத்தருக்குக் கண்ணு சிவந்துச்சு. சாதாரணமா நம்ம சொட்டு மருந்தப் போட்டா கேட்டிருக்கும்னு நெனைக்கிறேன். இல்லையேன்னு சும்மா இருந்துட்டாரு. வெள்ளையாப் படர்ந்தப்புறம் போர்ட் பிளேருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு கண்ணு போயிருச்சும்மா."

அவரே தொடர்ந்தார்.

"உங்களக் குத்தம் சொல்லலம்மா. சொல்லணும்னு தோணுச்சு."

"சொன்னது நல்லதுண்ணே."

அந்த மருந்தைப் போட்டிருந்தால் அவர் கண் பிழைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. சாம்பல் விழுந்த ஒரு புட்டி அவருக்குப் போயிருக்குமா, அதுவும் தெரியாது. என் முடிவு யாரையாவது காப்பாற்றியிருந்தால் அந்த மனிதருக்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது. கண் போனவரை மட்டும் தெரியும். இந்தத் தொழிலில் சரியான முடிவு என்பதன் தோற்றம் இதுதான். உங்களுக்கு யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டார்கள். வருகிற போன் எல்லாம் மாயாபந்தரிலிருந்துதான் வரும்.

கனகா கச்சாலுக்குப் புறப்பட்ட நாள் ஜெட்டிக்குப் போனேன். வர வேண்டாம் என்று ஜான்சன் சொல்லியிருந்தான். போனேன். நீலத் தார்ப்பாய்ப் பையின்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த எழுந்து நிற்றல் எனக்குப் பிடிக்கவில்லை.

"உக்காரு கனகா."

"பரவால்ல."

"நான் வேற மாதிரி செஞ்சிருக்க முடியாது."

"தெரியும். தாதா சொன்னாரு. அந்தச் சாம்பல்ல என்னென்ன இருக்கும்னு எல்லாம் வெளக்கமாச் சொன்னாரு. நான் அப்படி யோசிக்கவே இல்ல. சாமி திருநீறுல என்ன இருக்கப் போவுதுன்னு..." நிறுத்தினாள். கப்பலைப் பார்த்தாள். "ஒண்ணுதான் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நான் சொல்லாம இருந்திருந்தா பாஸ்."

"ஆமா."

"எல்லாரும் வேலையில இருந்திருப்போம்."

"ஆமா."

"ராஞ்சி ராஜா அதத்தான் தினம் கேக்குறான். ஏன் சொன்ன, ஏன் சொன்னன்னு. சந்தோசத்துல சொன்னேண்டான்னேன்."

நான் பக்கத்துக் கடையில் இரண்டு டீ வாங்கி வந்தேன். ஒன்றை நீட்டினேன். அவள் அதையே பார்த்தாள்.

"அன்னைக்கு வாங்கித் தரல நீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் சொல்லி முடிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டீங்க. டீக்கடையத் தாண்டிப் போனீங்க. நாங்க எல்லாரும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தோம்."

டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். அதற்குள் ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மீதியை என்னிடமே கொடுத்துவிட்டு, பையைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யார் மேலும் இடிக்காமல், காற்று கலையாமல் அவள் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் என் டீ, ஒரு கையில் அவள் டீ.

உங்களுக்குச் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. முடிவை நான் மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் அந்த நடையை யோசிக்கிறேன். டீக்கடையில் நின்று, அவளையும் கூப்பிட்டு, ஒரு டம்ளரைக் கையில் கொடுத்து, பிறகு அந்தக் கொடுமையான செய்தியைச் சொல்லியிருக்கலாம். வேலை அப்போதும் போயிருக்கும். சொன்னவருக்கு டீ உண்டு என்பது மட்டும் மிஞ்சியிருக்கும்.

புதிய அணி வந்தது. மெயின்லேண்டில் பயிற்சி பெற்றவர்கள், நல்ல பிள்ளைகள். மறு ஓட்டம் முதல் தடவையே தேறியது. ஆனால் ஜன்னலில் நின்று பார்த்த கதை எப்படியோ அவர்களுக்கு முன்பே இந்த ஆலைக்கு வந்து சேர்ந்திருந்தது. என்னை யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை. காலையில் கேட்பேன், யாருக்காவது சளி, புண், காய்ச்சல், சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று. "ஒண்ணும் இல்ல மேடம். சப் டீக் மேடம்." எல்லாம் சரி. தினமும் எல்லாம் சரி. மழைக்காலத்தில், மணல்பூச்சி கடிக்கிற ஊரில், ஒரு வருடம் முழுக்க ஒருவருக்கும் ஒரு புண்கூட இல்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "இப்பல்லாம் குத்தவாளிங்களே இல்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. சாறு கலங்கிய நாட்களில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஓய்வு வயதுக்கு முன்பே, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாள் காலை, உடை மாற்றும் அறையில் என் முறைக்காக நின்றேன். அந்த அறையில் இப்போது சுவர்களில் இரண்டு கண்ணாடிகள் உண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தன் பிடரியைத் தானே பார்த்துக்கொள்ளலாம். ஒருவரை ஒருவர் தொடக் கூடாது, அவரவர் தொப்பியை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும் என்று பலகை மாட்டியிருக்கிறது. நீங்களும் தினமும் அதைப் படிப்பீர்கள். அந்த விதியை எழுதியவள் நான். எனக்கு முன்னால் நின்ற பெண் கண்ணாடியைப் பார்த்துத் தன் முடிச்சைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நகர்ந்தாள். நான் என் கைகளைப் பின்னால் கொண்டுபோய், முடியை உள்ளே தள்ளி, என் முடிச்சை நானே கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பிடரி சுத்தமாக இருந்தது.